பன்னிரண்டாவது காசு

ஒரு வருடத்தில் அந்த அறைக்கு நானூறு குடைகள் வந்தால் அறுபதுதான் திரும்பிப் போகும். மழை விட்டதும் குடையின் ஞாபகமும் விட்டுவிடுகிறது. மூக்குக்கண்ணாடிகளின் கதி இன்னும் மோசம். ஊன்றுகோல்களும் வரும். ஊன்றுகோலோடு ரயில் ஏறியவர் அது இல்லாமல் எப்படி இறங்கி நடந்து போனார் என்பது இருபத்தாறு வருடமாக அங்கே வேலை பார்ப்பவருக்கு விளங்காத விஷயம்.

ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் அறையில் அவர் எழுத்தர். சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'பத்திரம்'. யார் பதறிக்கொண்டு தொலைபேசியில் கேட்டாலும், பொருள் வந்திருந்தால் முதலில் அவர் சொல்வது அந்த ஒரு சொல்தான். "பத்திரமா இருக்குங்க." அதற்கு மேல் ஆறுதல் சொல்லத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்ததும் இல்லை.

அறை முதல் நடைமேடையின் கோடியில், பார்சல் அலுவலகத்தை ஒட்டி இருந்தது. முன்னால் ஷட்டர், ஒரு மரக் கவுண்டர். பின்னால் பதினெட்டு இரும்பு அலமாரிகள். வந்த பொருளை எடைபோட்டு, எண்ணி, பதிவேட்டில் ஒரு வரி எழுதி, அட்டைச் சீட்டை நூலால் கட்டுவார். பசை பொருளில் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஒட்டமாட்டார். ஒரு பைக்குள் அந்தப் பைக்குச் சம்பந்தமில்லாத எதுவும் இருந்தால் அதைப் பிரித்து அதனதன் இனத்தோடு சேர்ப்பார். இருக்கை இடுக்குகளிலிருந்து பெருக்கி வரும் பொத்தான்களுக்கு ஒரு பெரிய பிஸ்கட் டப்பா இருந்தது. பொத்தானுக்கெல்லாம் பதிவு கிடையாது. டப்பாவில் போட்டால் முடிந்தது.

அவரை நல்லவர் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். நான் சொல்ல மாட்டேன். ஒழுங்கானவர் என்று மட்டும் சொல்லலாம். ஒழுங்கு பெரும்பாலும் அடுத்தவரைக் கவுண்டருக்கு அந்தப் பக்கமே நிறுத்தி வைக்கத்தான் உதவுகிறது.

அந்த அறையின் முக்கியமான விதியைப் போட்டவரும் அவர்தான். பல வருடங்களுக்கு முன் ஒருவன் வந்து, வயலின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மூன்று முறை ஊகித்து, மூன்றாவது முறை சரியாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் உண்மையான சொந்தக்காரர் வந்து கவுண்டரில் தலை கவிழ்ந்து அழுதார். அதன் பிறகு பத்திரம் மேலிடத்துக்கு எழுதிப் போட்டு ஒரு படிவம் கொண்டுவந்தார். பொருளைக் கேட்டு வருபவர், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஓர் உள் அடையாளத்தை, பொருளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதித் தர வேண்டும். ஒன்றே ஒன்று. அது பதிவேட்டோடு பொருந்தாவிட்டால் அவர் அந்தப் பொருளை மறுபடி கேட்க முடியாது.

ஆறு மாதம் யாரும் கேட்காத பொருள்கள் 'கழிவு நாள்' அன்று லாரியில் ஏறும். அதற்கு முன், ஊழியர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வது வழக்கம். பணிமூப்புப்படி முதல் உரிமை பத்திரத்துக்கு. இருபத்தாறு வருடத்தில் அவர் ஒரு கைக்குட்டைகூட எடுத்ததில்லை. எதுவும் வேண்டியிருக்கவில்லை. வெகுநாள் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது போயிருந்தது. அம்மா போன பின் மூன்றாவது மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ. ஞாயிறு காலை தூரத்து ஊரிலிருந்து அக்கா போன் செய்வாள். அவளுக்கு வாய் நீளம். "உன்னையும் சீட்டு கட்டி அலமாரியில வெச்சிட்டாங்கடா. நீயும் அங்கயே இருந்துட்ட" என்பாள். அவர் "சாப்பிட்டியா" என்று கேட்பார்.

அந்தப் பெட்டி ஒரு காலையில் வந்தது. பத்தரை மணி வண்டியில் ஜன்னலோர இருக்கைக்கு அடியில் கிடந்ததாகத் தள்ளுவண்டிக்காரர் கொண்டுவந்து வைத்தார். ரயில் பெட்டிகளிலிருந்து பொருள்களைச் சேகரித்து வருவது அவர் வேலை. பழைய அட்டைப்பெட்டி, மூலைகள் தேய்ந்து துணிநாடா ஒட்டியிருந்தது. மூடியில் காளைத் தலையும் மனித உடம்புமாக ஒருவன், கூந்தலுக்குப் பதில் பாம்புகள் நெளியும் ஒரு பெண், கீழே மூன்று தலை நாய். தள்ளுவண்டிக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு, தன் மாமியார் தலைவாராமல் நின்றால் இப்படித்தான் இருப்பார் என்றார்.

கிரேக்கப் புராணக் கதைகளை வைத்து ஐம்பது வருடத்துக்கு முன்பு யாரோ செய்த பலகை விளையாட்டு அது. பத்திரம் வழக்கம்போல எண்ணினார். மடிப்புப் பலகை ஒன்று, பகடை இரண்டு, ஈய வீரர்கள் நான்கு, அட்டைகள் அறுபத்து நான்கு, விதிப் புத்தகம் ஒன்று, பித்தளைக் காசுகள் பதினொன்று. விதிப் புத்தகத்தில் காசு பன்னிரண்டு என்று போட்டிருந்தது. 'காசு 11, ஒன்று குறைவு' என்று பதிவேட்டில் எழுதினார். பெட்டியின் மூலையில் ஒரு கோட்டுப் பொத்தானும் கிடந்தது. யார் கோட்டிலிருந்தோ விழுந்திருக்கும் என்று எடுத்து டப்பாவில் போட்டார்.

எண்ணிக்கை சரிபார்க்கத்தான் விதிப் புத்தகத்தைத் திறந்தார். மறுநாள் மதியம் மறுபடி திறந்ததற்கு அந்தக் காரணம் இல்லை.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை ஷட்டர் இறங்கியிருக்கும். சாப்பாடு பத்து நிமிடம். மீதி ஐம்பது நிமிடம் இருபத்தாறு வருடமாக என்ன செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. இப்போது அந்த நேரத்தில் பலகையை மேஜையில் விரித்தார். மேலே கடலும் தீவுகளும், நடுவில் காளைத் தலையனின் சுழல்வழி, அடியில் பாதாளம். பாதாளத்துக்கு முன்னால் ஒரு கறுப்பு நதி. வாள்காரன், யாழ்காரன், சிறகுச் செருப்புக்காரன், வில் ஏந்திய ஒரு பெண் என்று நான்கு பேர். யாராவது இறந்தால் நதிக்கரைக்குப் போக வேண்டும். படகுக்காரனுக்கு ஒரு காசு கொடுத்தால் அக்கரை போய், பாதாளம் வழியாக மறுபடி உலகத்துக்கு ஏறி வரலாம். ஆளுக்கு மூன்று காசு. காசு தீர்ந்தவர் கரையிலேயே நிற்க வேண்டும். வேறொரு ஆட்டக்காரர் தன் காசைக் கொடுத்தால்தான் விடுதலை. அதற்கு ஒரு நிபந்தனையும் விதிப் புத்தகத்தில் இருந்தது. கரையில் நிற்பவர் கேட்கக் கூடாது. மற்றவர் தாமாகக் கொடுக்க வேண்டும்.

தனியாக ஆடுபவருக்கு இந்த விதி ஒரு சிக்கல். யாழ்காரன் கரையில் நிற்பது வாள்காரனுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும், இரண்டு பேரும் ஒரே ஆளாக இருக்கும்போது? பத்திரம் இதைப் பல நாள் யோசித்தார். கடைசியில் மேஜையைச் சுற்றி நாலு முக்காலி போட்டு, ஒவ்வொரு முறைக்கும் எழுந்து அந்தந்த இடத்தில் போய் உட்கார்ந்து ஆடினார். இடம் மாறினால் பலகை வேறு மாதிரித் தெரிந்தது. வாள்காரனின் இடத்திலிருந்து பார்த்தால் நதிக்கரை தலைகீழாக, தூரத்தில், வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு இரக்கப்படுவது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

தள்ளுவண்டிக்காரர் ஒருமுறை பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, அவர் ஒரு முக்காலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைப் பார்த்துவிட்டார்.

"நாலு பக்கமும் நீங்களே உக்காந்தா, யாருண்ணே ஜெயிக்கிறது?"

பத்திரம் எதிர் முக்காலியைக் காட்டினார். யாரையாவது தன்னோடு உட்காரச் சொல்லி அவர் கைகாட்டியதே அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். தள்ளுவண்டிக்காரர் உட்கார்ந்தார், பகடை உருட்டினார், இரண்டாவது சுற்றிலேயே பாம்புக் கூந்தல்காரியைப் பார்த்துக் கல்லாகிப் போனார். கல்லானவர் மூன்று முறை சும்மா இருக்க வேண்டும். மூன்று முறை சும்மா இருப்பதற்குத் தனக்குச் சம்பளம் தருவதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மறுநாளும் முக்காலி அங்கேயே இருந்தது. அவர் வரவில்லை. பத்திரம் கூப்பிடவும் இல்லை.

பதினொரு காசு அவரை உறுத்தியது. வில்காரிக்கு மட்டும் இரண்டு. ஆட்டம் தவறாமல் அவள் கரையில் போய் நின்றாள். ஒரு ஞாயிறு தன் பழைய டிரங்குப் பெட்டியின் பூட்டுத் துளை மூடியை நெம்பி எடுத்தார். அது பித்தளை. அதை வெட்டி, அரத்தால் வட்டமாக்கி, அடுத்த ஞாயிறு வரை தேய்த்து, மூன்றாவது ஞாயிறு ஆணி முனையால் ஒரு படகு கீறினார். மற்ற காசுகளில் இருந்த படகு அச்சில் வார்த்தது. இவருடையது சற்றுக் கோணல். ஆனாலும் காசு பன்னிரண்டாயிற்று.

கழிவு நாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, இந்தத் தடவை தானும் ஒரு பொருள் எடுக்கப்போவதாக அறிவித்தார். செய்தி பார்சல் அலுவலகம் வரை பரவியது. பத்திரம் சார் எதை எடுப்பார் என்று பேச்சு. சூட்கேஸ் என்றார் தள்ளுவண்டிக்காரர். பெருக்க வரும் அம்மா, பல்செட்டாக இருக்கும் என்றார். மேலாளர் அம்மா வயதில் இளையவர், அவர்கூட வந்து கேட்டுவிட்டுப் போனார். பத்திரம் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு சாயங்காலம் மரக்கடைக்குப் போய் சின்னதாக ஒரு சதுர மேஜையும், இன்னொரு நாற்காலியும் வாங்கி மூன்று மாடி ஏற்றினார்.

அக்காவுக்கு அந்த ஞாயிறு இதைச் சொன்னார்.

"ரெண்டாவது நாற்காலி யாருக்குடா?" என்றாள்.

"ஆட்டத்துக்கு."

"அதான், யாருக்கு?"

"இடம் மாறி உக்காரணும்க்கா. அப்பதான் ஆட்டம் சரியா வரும்."

அக்கா ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்திருப்பாள். சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று அன்றைக்கு அவள்தான் கேட்டாள்.

கழிவு நாளுக்கு ஒன்பது நாள் இருந்தபோது அந்தப் பெண் வந்தாள். அறுபது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். துணிக்கடை ஒன்றில் உடைகளைப் பிடித்துத் தளர்த்தித் தருவது வேலை என்று படிவத்தில் எழுதினாள். ரயிலில் விட்ட ஒரு விளையாட்டுப் பெட்டி, காளைத் தலை போட்டது என்றாள்.

பத்திரத்தின் வாய் பழக்கத்தில் "பத்திரமா" என்று தொடங்கி நின்றது. முதல் முறையாக அந்த வாக்கியம் முடியவில்லை. கிட்டத்தட்ட ஆறு மாதம் கழித்து ஏன் வருகிறீர்கள் என்று கேட்டார். அப்படிக் கேட்க விதியில் இடமில்லை.

பெட்டியைத் தொலைத்தது தான் இல்லை, தன் வீட்டுக்காரராக இருந்தவர் என்றாள். பிரிந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அவர் வேறு ஊர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடுவில் உள்ள ஒரு நிலையத்தின் காத்திருப்பு அறையில் சந்தித்து, விட்ட இடத்திலிருந்து ஆடுவார்கள். பெட்டியை எடுத்துப் போவது ஒருமுறை இவள், ஒருமுறை அவர். போன தடவை அவர் முறை. அப்புறம் உடம்பு சரியில்லை, வர முடியாது என்று தள்ளிக்கொண்டே போனார். பெட்டி வீட்டில் இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் அவர் தங்கை கூப்பிட்டுச் சொல்லிப் போய்ப் பார்த்தபோதுதான், பெட்டி மட்டுமில்லை, அவர் நிறைய விஷயங்களை எங்கெங்கோ விட்டுவிட்டார் என்று தெரிந்தது.

அவள் இதையெல்லாம் புகாராகச் சொல்லவில்லை. ஒரு சட்டையின் அளவு சொல்வது போலச் சொன்னாள்.

பத்திரம் படிவத்தை நகர்த்தி, உள் அடையாளம் ஒன்றே ஒன்று, பொருந்தாவிட்டால் மறுபடி கேட்க முடியாது, யோசித்து எழுதுங்கள் என்றார். அவள் யோசிக்கவில்லை. 'காசுகளில் ஒன்று காசு இல்லை. அதற்குப் பதில் ஒரு கோட்டுப் பொத்தான், கரும்பழுப்பு, நாலு துளை' என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள்.

"கல்யாணமான முதல் வருஷம் செத்தவன் மாதிரி படுத்துக்கிட்டு காசை வாயில வெச்சுக் காட்டினார். செத்தவங்க வாயில காசு வெச்சுத்தான் படகுக்கு அனுப்புவாங்களாம், அந்தக் கதையில. நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சார். முழுங்கிட்டார். அப்புறம் அவர் கோட்டுலேர்ந்தே ஒரு பொத்தானைப் பிச்சு எடுத்தேன்."

பத்திரத்துக்கு அந்தப் பொத்தான் நினைவுக்கு வந்துவிட்டது. எடுத்த விரல்கள், டப்பாவில் விழுந்த சத்தம் எல்லாம். பதிவேட்டைத் திறந்தார். அதில் பொத்தான் இல்லை. 'காசு 11, ஒன்று குறைவு' என்று அவருடைய அழகான கையெழுத்தில் இருந்தது.

இந்த இடத்தில் அவர் செய்ததை நான் மழுப்பப் போவதில்லை. பதிவேட்டின்படி அடையாளம் பொருந்தவில்லை. படிவத்தில் 'பொருந்தவில்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சுத்தமான காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

அவள் முத்திரையைப் பார்த்தாள். வாதாடுவாள், வேறு அடையாளம் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். ஒன்றுதான் எழுத முடியும் என்று அவர் சொன்னதை அவள் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தாள்.

"சரிங்க. அப்ப அது வேற யாரோடதோ போல" என்றாள். வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டாள். இரண்டு இருபதுக்கு என்றார். அவள் போய் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினார். சாப்பாட்டைத் திறக்கவில்லை. பலகையை விரித்தார். நேற்று விட்ட ஆட்டம், வில்காரி கரையில் காசில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். வாள்காரனிடம் இரண்டு இருந்தது. அதில் ஒன்று அவர் செய்த கோணல் படகு. இப்போது வாள்காரனின் முறை. அந்த முக்காலியில் போய் உட்கார்ந்து, பகடையைக் கையில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் உருட்டாமல் இருந்தார்.

அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் கேட்டிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லையாம். அவள் அளவு நாடாவைக் கழற்ற மறந்துவிட்டாள், வண்டி ஏறும்போது அது எங்காவது விழுந்துவிடும், அதுவும் இங்கேதான் வரும் என்று தோன்றியதாம். வந்தால் சீட்டு கட்ட வேண்டும். ஆறு மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பொத்தான் டப்பாவை இறக்கிக் கிளறினார். ஆயிரத்துக்குக் குறையாது. கரும்பழுப்பில் நாலு துளைப் பொத்தான்களே நாற்பதுக்கு மேல் இருந்தன. எது என்று அவருக்குத் தெரியவில்லை. தான் எடுத்துப் போட்டதையே தன்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை. அவருடைய படிவத்தை அவரே நிரப்பியிருந்தால் அவருக்கும் பொருள் கிடைத்திருக்காது.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். போனவரைத் தேடி அவர் கவுண்டரை விட்டு வந்தது அதுதான் முதல் தடவை. நேரம் ஒன்று ஐம்பது. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அளவு இடம் விட்டு உட்கார்ந்து, டப்பாவை நடுவில் வைத்தார்.

"இதுல இருக்கா பாருங்க."

அவள் மடியில் கைப்பையை விரித்து அதன் மேல் ஒரு கை நிறைய அள்ளிப் போட்டாள். பார்வையால் தேடவில்லை. முப்பது வருடம் பொத்தான் தைத்த விரல்கள், கட்டைவிரலால் ஓரத்தைத் தடவித் தடவித் தள்ளின. நாலாவது கைப்பிடியில் நிறுத்தினாள்.

"ஓரத்துல இஸ்திரிப் பெட்டி பட்டு உருகியிருக்கும். இதோ." அவர் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தாள். சின்னதாக ஒரு வழுவழுப்பு. "எப்படி இங்க வந்துச்சு?"

"நான்தான் போட்டேன். அனாமத்துப் பொத்தான்னு நினைச்சேன்."

"அப்ப காலையில நான் எழுதினது சரிதானே?"

"சரிதாங்க."

"தெரிஞ்சுதான் இல்லைன்னு எழுதினீங்களா?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார்.

அவள் திட்டியிருக்கலாம். பொத்தானைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். "போலாம் வாங்க, வண்டி வந்துரும்" என்றாள்.

அறைக்குள் நாலு முக்காலிகளும் விரித்த பலகையும் இருந்தபடியே இருந்தன. மூடி வைக்க அவருக்குத் தோன்றவில்லை. அவள் மேஜையைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள்.

"விளையாடினீங்களா?"

"ஆமாங்க. மதியத்துல."

"யாரோட?"

அவர் முக்காலிகளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

காசுகளை எண்ணும்போது பன்னிரண்டு வந்தது. பொத்தானோடு பதின்மூன்று. கோணல் படகைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். யார் செய்தது என்று கேட்டாள். நான் என்றார். நன்றாகத்தான் வந்திருக்கிறது என்றாள்.

"ஆனா இது வேணாங்க. அவருக்கு எதையும் மாத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். என் பேரு சில நாள் வர்றதில்லை. பொத்தான் எங்கேன்னு மட்டும் கேக்கறார்."

காசைக் கவுண்டரில் வைத்தாள். பெட்டியைக் கயிற்றால் கட்ட அவர் உதவினார். பதிவேட்டில் தன் வரியை அடித்து, 'பொத்தான் 1, எழுத்தரின் பிழையால் விடுபட்டது' என்று எழுதினார். இருபத்தாறு வருடத்தில் அந்தப் புத்தகத்தில் அவர் கையால் விழுந்த முதல் அடித்தல். அதோடு விட்டிருக்கலாம். ஷட்டருக்குப் பின்னால் ஐந்து மாதத்துக்கு மேல் பொருளைத் திறந்து உபயோகித்ததையும் அதன் கீழே எழுதினார். யாரும் கேட்கவில்லை.

அவள் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். வாசலில் ஒரு கணம் நின்றாள்.

"நாலு பேர் ஆடுற ஆட்டங்க இது. நாங்க ரெண்டு பேராவே ஆடிட்டோம்" என்றாள்.

அதற்கு அடுத்து இன்னொரு வாக்கியம் வரும் என்று பத்திரம் நின்றுகொண்டிருந்தார். வரவில்லை. வராதது அவள் குற்றமும் இல்லை. அவளுக்கு வண்டி வந்துவிட்டது. கழுத்தில் அளவு நாடா இருப்பதை மட்டும் அவர் சொன்னார். அவள் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

மேலாளர் அம்மா பதிவேட்டைப் படித்துவிட்டு, இதை எழுதாமல் இருந்தால் தனக்கும் வேலை மிச்சம், உங்களுக்கும் மரியாதை மிச்சம் என்றார். ஆனாலும் எழுதிய பிறகு சும்மா விட முடியாது. ஒரு மெமோ வந்தது. அந்த வருடம் பொருள் எடுக்கும் உரிமை இல்லை என்று அதில் இருந்தது. கழிவு நாளன்று அவர் லாரிக்குப் பக்கத்தில் நின்று பட்டியலைச் சரிபார்த்தார். தள்ளுவண்டிக்காரர் சக்கரம் வைத்த சூட்கேஸ் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

"என்னண்ணே, இவ்ளோ நாள் கழிச்சு ஒண்ணு கேட்டீங்க, அதுவும் இல்லைன்னுட்டாங்க. வேணா இதை எடுத்துக்குங்க."

"நான் எங்கப்பா போகப் போறேன், சூட்கேஸுக்கு?" என்றார் பத்திரம்.

மூன்றாவது மாடி அறையில் இரண்டாவது நாற்காலி இன்னும் இருக்கிறது. அக்கா அதைப் பற்றிக் கேட்பதில்லை. துணி மடித்து வைக்க உதவுகிறது.

அன்று அந்தப் பெண் போன பிறகு நடந்த ஒன்றைச் சொல்லவில்லை. ஷட்டரை ஏற்றியபோது கவுண்டரில் காசு கிடந்தது. கவுண்டரில் விட்டுப்போன எதுவும் பதிவாக வேண்டும் என்பது விதி. அவர் எடைபோட்டார். பதிவேட்டில் புது வரி எழுதினார். பித்தளை வட்டு, ஒன்று. கிடைத்த இடம்: கவுண்டர். உரியவர் பெயர் தெரிந்தால் எழுதவும் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். சீட்டு கட்டத் துளை இல்லாததால் ஒரு சின்ன உறையில் போட்டு, உறையில் நூல் கட்டி, பெட்டி இருந்த அலமாரித் தட்டில் வைத்தார்.

உள் அடையாளம் என்ற கட்டத்தில் மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு எழுதினார்: 'படகின் அடியில் ஒரு கீறல். ஆணி வழுக்கியது.'

ஆறு மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது.